காணியை விற்குமுன் கேளுங்கள்

மகன் விமானியாக வேண்டுமென்றால் பெருமைப்படுகிறோம். மகள் கேட்டால் "இது சரிவருமா?" என்கிறோம். உயர்தரம் முடித்த மகளுக்காகக் காணியை விற்க ஆயத்தமான ஒரு தாயும் என்னிடம் அப்படித்தான் கேட்டார். "சரிவரும் அக்கா. ஆனால் காசு கட்டுமுன் விசாரியுங்கோ" என்றேன்.

முதலில் முதலாம் வகுப்பு மருத்துவச் சான்றிதழ். கண், காது, இதயம் எல்லாம் சோதிப்பார்கள். அதில் தவறினால் கட்டிய பணம் வீண். அடுத்து, பயிற்சிப் பாடசாலைக்கு அங்கீகாரம் உண்டா என்பதைச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபையிடமே கேட்க வேண்டும், விளம்பரத்தை நம்பக்கூடாது.

வர்த்தக விமானி அனுமதிப்பத்திரத்துக்குச் சர்வதேச விதிப்படி 200 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட முழுப் பயிற்சிநெறியாயின் 150 போதும். சொல்லும் கட்டணத்தில் எத்தனை மணித்தியாலம் அடங்கும், எரிபொருளும் பரீட்சைக் கட்டணமும் சேருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். விமானம் பழுதாகி நின்றால் பயிற்சி நீளும், செலவும் ஏறும். ஆகையால் அங்கு படிக்கும் பிள்ளைகளிடமும் கேளுங்கள். பணத்தைத் தவணையாகவே கட்டுங்கள்.

அனுமதிப்பத்திரம் கிடைத்தவுடன் வேலை நிச்சயமில்லை. பெரிய விமானங்களுக்குத் தனிப் பயிற்சியும் வேண்டும். அந்தச் செலவையும் கணக்கில் எடுத்த பிறகே காணி உறுதியில் கைவையுங்கள், சகோதரிகளே. மகளின் கனவும் வேண்டும். குடும்பத்தின் நிலமும் வேண்டும்.