அவன் என்ட்ரி போட்டிருந்தான்

அவன் என்ட்ரி போட்டிருந்தான். அதை அழித்தது நான். 2023 புரட்டாசியில் முதலாளி கேட்டபோது, “பையன் என்ட்ரி போட மறந்திருப்பான்” என்று சொன்னதும் நான்தான். அந்த ஒரு வார்த்தையால் கவுண்டரில் இருந்த பையனுக்குத் திருடன் பட்டம் வந்தது.

சித்தூர் எனக்குச் சொந்த ஊர். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு. வேலை திருப்பதியில், யாத்ரீகர்களுக்கு அறையும் வேனும் பதிவு செய்து கொடுக்கும் ஒரு சின்னத் தனியார் நிறுவனத்தில். தேவஸ்தானத்துக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. தரிசன டிக்கெட்டும் விற்பதில்லை. நிறுவனத்தின் இணையதளமும் டேட்டாபேஸும் என் பொறுப்பு.

2022 ஏப்ரல் 4 அன்று சித்தூரிலிருந்து பிரிந்து திருப்பதி தனி மாவட்டமானது. முகவரிகளில் மாவட்டப் பெயரை மாற்ற உட்கார்ந்தபோதுதான் எவ்வளவு குப்பை சேர்ந்திருக்கிறது என்று தெரிந்தது. ஒரே ஆளுக்கு மூன்று கணக்கு, ஒரே போன் நம்பரில் பத்துப் பேர், பெயர் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் இனிஷியல். இத்தனை பேருக்கும் எஸ்எம்எஸ் போய்க் காசு கரைகிறது. பழசையெல்லாம் தூக்கிவிடச் சொன்னார் முதலாளி. நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். 2023 மே மாதம் கூகுள், இரண்டு ஆண்டுகளாகப் பயன்படுத்தாத கணக்குகளை நீக்கப் போவதாக அறிவித்தது. அந்த இரண்டு ஆண்டை அப்படியே எடுத்துக்கொண்டேன். டிசம்பருக்கு முன்னால் எதையும் நீக்கமாட்டோம், நீக்கும்முன் பல தடவை எச்சரிக்கை அனுப்புவோம் என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. அதை விட்டுவிட்டேன்.

நான் எழுதிய ஸ்கிரிப்ட் ரொம்பச் சின்னது. கடைசி லாகின் இரண்டு ஆண்டுக்கு முந்தையது என்றால் அழி. கடைசி லாகின் காலியாக இருந்தாலும் அழி. இந்த இரண்டாவது வரிதான் எல்லாவற்றையும் கெடுத்தது. கணக்கு இருக்கிறது, ஒருமுறைகூட யாரும் உள்ளே வரவில்லை என்றால் அது போலியாகத்தான் இருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். சில போலிதான். ஆனால் நேரில் வந்தோ போனிலோ அறை கேட்பவர்களுக்குக் கவுண்டர் பையனே கணக்குத் திறந்து பதிவு போட்டுவிடுவான். அவர்கள் ஜென்மத்துக்கும் லாகின் செய்யமாட்டார்கள். வேலூர், குடியாத்தம், ஆரணி பக்கத்திலிருந்து வருஷம் தவறாமல் வரும் புரட்டாசிக் குழுக்கள் அத்தனையும் இந்த வகை. குழுத் தலைவரின் ஒரே நம்பரில் மொத்த வேனும் இருக்கும்.

இது எனக்குத் தெரியாது என்று சொல்லமாட்டேன். அவனுக்குப் பின்னால் நாலடி தள்ளித்தான் என் மேசை. அவன் அந்தக் கணக்குகளைத் திறப்பதைத் தினமும் பார்த்தவன் நான்.

அழிக்கும்முன் எத்தனை கணக்கு சிக்குகிறது என்று எண்ணிப் பார்த்தேன். எண் பெரிதாக வந்ததும் சந்தோஷப்பட்டேன். பட்டியலைத் திறந்து பெயர்களைப் படிக்கவில்லை. கணக்கு போனால் அதோடு சேர்ந்த பதிவுகளும் தானாகப் போகும்படி டேபிள்களைக் கோத்து வைத்திருந்தவனும் நான்தான். அதனால் புரட்டாசி சனிக்கிழமைகளுக்குக் கட்டியிருந்த முன்பணப் பதிவுகளும் போயின. பேக்கப் ஒன்றே ஒன்றுதான், இரவு தோறும் பழையதன் மேலேயே புதியது ஏறும். விடிவதற்குள் அதுவும் சுத்தமாகியிருந்தது.

சில நாள் கழித்து அவனே வந்து கேட்டான். “அண்ணா, குடியாத்தம் பார்ட்டி என்ட்ரி காணோமே, நான் போட்டேனே?” கேட்ட நொடியிலேயே எனக்கு விளங்கிவிட்டது. “சேவ் பண்ணாம விட்டிருப்ப” என்றேன். அவன் என்னை நம்பினான். இருந்தாலும் அந்த ஒரு பதிவையாவது திரும்பப் போட்டுவிடலாம் என்று பார்த்தால், தேதியும் அறை எண்ணிக்கையும் அவனுக்குச் சரியாக நினைவில்லை.

அப்போதும் புரட்டாசிக்கு நாள் இருந்தது. வங்கிக் கணக்கையும் செலுத்துச் சீட்டுகளையும் எடுத்துவைத்து உட்கார்ந்திருந்தால் பெரும்பாலான பதிவுகளை மீட்டிருக்கலாம். ஆனால் அதை எடுத்தால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்துதான் எதையும் தொடாமல் இருந்தேன். ஸ்கிரிப்ட் எழுதிய இரவை நான் எப்படியாவது மன்னித்துக்கொள்வேன். இந்த நாட்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த ஆண்டு அதிக மாசம் வந்ததால் திருமலையில் இரண்டு பிரம்மோற்சவம். முதல் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருக்கும்போதே புரட்டாசியின் முதல் சனிக்கிழமையும் வந்தது, செப்டம்பர் 23. கீழ்த்திருப்பதியில் அறை என்ற பேச்சுக்கே இடமில்லை. விடியற்காலையில் குடியாத்தம் பக்கத்து வேன் வந்து நின்றது. குழுவைக் கூட்டி வந்த அம்மா ஒரு நோட்டுப் புத்தகத்தைப் பிரித்துக் காட்டினார். ஆடியில் வந்து கட்டிய தொகை, தேதி, வாங்கியவன் பெயர், எல்லாம் பால்பாயிண்ட் பேனாவில் எழுதி, அடியில் கோடு போட்டிருந்தது. திரையில் ஒன்றும் இல்லை. “என்னப்பா, உன் கையிலதானே குடுத்தேன்?” என்றார். “அவுனம்மா, நான்தாம்மா வாங்கினேன்” என்றான் அவன். முதலாளி அவனைத் திரும்பிப் பார்த்தார். அன்றன்றைய ரொக்கக் கணக்கும் அதே டேபிளிலிருந்துதான் வரும். அதிலும் அந்தத் தொகை இல்லை. அப்போதுதான் என்னைக் கேட்டார்கள். நான் என்ன சொன்னேன் என்பதை மேலேயே எழுதிவிட்டேன்.

அந்த அம்மா சண்டை போடவில்லை. பெண்பிள்ளைகள் குளித்து உடை மாற்ற ஓர் இடம் மட்டும் கேட்டார். அதற்கும் எங்களிடம் இடமில்லை. பையனுக்கு அந்த மாதச் சம்பளத்தில் பிடித்தார்கள். தீபாவளிக்கு முன்பே அவன் வேலையை விட்டுப் போய்விட்டான்.

இந்தத் தொழிலில் பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் கோப்புகளை அழித்தார். சுமார் 5,000 புராஜெக்டுகளும் 700 புதிய பயனர் கணக்குகளும் பாதிக்கப்பட்டன. வைத்திருந்த பேக்கப் முறைகள் பலவும் கைகொடுக்கவில்லை. 2022 ஏப்ரலில் அட்லாசியன் நிறுவனத்தில் ஒரு ஸ்கிரிப்டுக்கு வேறு அடையாள எண்களைக் கொடுத்துவிட்டார்கள். 775 வாடிக்கையாளர்களின் தளங்கள் அழிந்தன, சிலருக்குத் திரும்பக் கிடைக்க இரண்டு வாரம் ஆனது. தொடர்பு விவரங்களும் சேர்ந்து அழிந்ததால் பாதிக்கப்பட்டவர்களைக் கூப்பிடுவதே பெரும்பாடானது. எனக்கும் அதே நிலைமை. ஆனால் கிட்லேப்காரர்கள் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகவே காட்டினார்கள், என்ன தவறு நடந்தது என்பதை ஒளிக்காமல் எழுதினார்கள். அந்த அறிக்கையை நான் வேலைக்குச் சேர்ந்த புதிதிலேயே படித்திருந்தேன்.

2025 ஜூனில், ரயில் டிக்கெட் தளத்தில் சந்தேகத்துக்குரிய 2.5 கோடி பயனர் கணக்குகளை முடக்கியதாக ரயில்வே அறிவித்தது. தட்கல் திறந்ததும் பாயும் தானியங்கி மென்பொருள்களை நிறுத்தத்தான் வேண்டும், அதில் எனக்கு மறுபேச்சில்லை. ஆனால் அந்த எண்ணைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. யாராவது பட்டியலைத் திறந்து பெயர்களைப் பார்த்திருக்க வேண்டுமே என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன். அதன் பிறகுதான் முதலாளியிடம் போய் நின்றேன்.

ஆடி மாதத்து வங்கிச் செலுத்துச் சீட்டுகளை இரண்டு பேருமாக எடுத்துப் பார்த்தோம். திரையில் இருந்த ரொக்கத்தைவிடச் சீட்டில் தொகை கூடுதலாக இருந்தது. அவன் வாங்கிய பணம் அன்றைக்கே வங்கிக்குப் போயிருந்தது. முதலாளி வெகுநேரம் என்னோடு பேசவில்லை.

அவனைப் போனில் பிடித்துச் சொன்னேன். தெலுங்கில் திட்டிவிட்டு வைத்துவிட்டான். மறுநாள் அவனே கூப்பிட்டு, அவன் அப்பாவிடமும் இதைச் சொல்லச் சொன்னான். பணம் எடுத்ததாக ஊருக்குள் பேச்சுப் போயிருந்ததாம். நேரில் போய்ச் சொன்னேன். பிடித்த சம்பளத்தை முதலாளி அனுப்பிவிட்டார். யுபிஐயில் பணம் கட்டிய குழுத் தலைவர்களைத் தேடிப் பிடித்து நடந்ததைச் சொல்லிவருகிறேன். குடியாத்தம் அம்மா ரொக்கமாகக் கட்டியவர்; அவருடைய நம்பர் நான் அழித்ததில் மட்டும்தான் இருந்தது.