மாறும் ஒளியும் மாறிய விழியும்

பிரான்சு நாட்டின் ரூவான் நகரில் பழைமையான பேராலயம் ஒன்று உள்ளது. 1892, 1893 ஆகிய ஆண்டுகளில் ஓவியர் கிளாட் மோனே அதன் எதிரே இருந்த கட்டடங்களில் அமர்ந்து அதன் முகப்பை வரைந்தார். வரைந்த ஓவியங்கள் முப்பதுக்கும் மேல். பல கித்தான்களை அருகருகே வைத்துக்கொண்டார். ஒளி மாறுந்தோறும் ஒன்றை விடுத்து மற்றொன்றை எடுத்தார். காலை நிழலில் நீலம் பாய்ந்திருந்த கல், வெயில் ஏறியதும் வெளுத்தது. மாலையில் பொன்னிறம் பூண்டது. கல் மாறவில்லை, அதன்மேல் விழுந்த ஒளியே மாறியது.

இம்மாற்றம் எல்லார் கண்முன்னும் நிகழ்வதுதான். ஆனால், மனித மூளை அதைப் பெரிதும் மறைத்துவிடுகிறது. குண்டுவிளக்கின் ஒளி மஞ்சள் சார்ந்தது. பகல்நேர நிழலின் ஒளி நீலம் சார்ந்தது. வெள்ளைத் தாளோ இரண்டிலும் வெள்ளையாகவே தெரிகிறது. ஒளியின் நிறத்தைத் தள்ளிவிட்டுப் பொருளின் நிறத்தை உணர மூளை பழகியிருப்பதே காரணம். இதனை 'நிற மாறாமை' என்பர். பழத்தின் கனிவையும் இலையின் வாட்டத்தையும் எவ்வொளியிலும் அறிய இப்பண்பு உதவுகிறது. மோனேவுக்கோ அது தடையாயிற்று. கல்லின் நிறம் இன்னது என்று அறிந்ததை ஒதுக்கி, அக்கணத்தில் கண்டதை மட்டுமே வரைய அவர் முயன்றார்.

1912இல் அவர் கண்களில் புரை இருப்பது உறுதியாயிற்று. மஞ்சளித்து மங்கிய விழிவில்லை, நீல ஒளியை விழித்திரைக்குச் செல்லவிடாமல் தடுத்தது. கண்ணை நம்ப இயலாத நிலையில், வண்ணக் குழாய்களின்மேல் எழுதப்பட்ட பெயர்களைப் பார்த்து வண்ணங்களை எடுத்தார். அறிந்ததை ஒதுக்கிக் கண்டதை வரைந்தவர், காண இயலாததை அறிவின் துணைகொண்டு வரையலானார்.

அறுவை மருத்துவத்துக்கு அஞ்சிப் பல்லாண்டுகள் தள்ளிப்போட்டவர், 1923இல் வலக்கண்ணில் அதைச் செய்துகொண்டார். புரையோடு விழிவில்லையும் நீங்கியதால் அக்கண்ணில் நீலம் மிகுந்தது. இடக்கண்ணிலோ மஞ்சளே நீடித்தது. ஒரே குளத்தை இரு கண்களும் இரு நிறங்களில் காட்டின. மனம் வெதும்பினார், ஆயினும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. நிறமூட்டிய கண்ணாடிகளை மாற்றி மாற்றி அணிந்து, தம் தோட்டத்து அல்லிக்குளத்தைத் தொடர்ந்து வரைந்தார். 1926இல் மறைந்தார். அடுத்த ஆண்டு, பாரிசின் ஒராஞ்சரி அருங்காட்சியகத்தில் அந்த அல்லி ஓவியங்கள் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன.