மகிழ மரத்தடிச் சத்தியம்

இரவு ஒன்பதரைக்கு மேல் வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறினால், பெண்கள் பகுதியில் பாதிப் பேர் படித்துக்கொண்டிருப்பார்கள். எம்.சி. ரோடு துணிக்கடைகளில் காலையிலிருந்து நின்றுகொண்டே வேலை பார்த்தவர்கள். செருப்பிலிருந்து குதிகாலை மட்டும் வெளியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். கையில் செல்போன். திரையில் ஓடுவது ரீல்ஸ் இல்லை, தமிழ் எழுத்து. கட்டைவிரலால் தள்ளித் தள்ளி வரிவரியாகப் படிக்கிறார்கள். ரயில் சுரங்கத்தை விட்டு மேலே ஏறியதோ, டோல்கேட் வந்ததோ தெரியாமல் படிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இவர்களை யாரும் வாசகர்கள் என்று கணக்கில் எடுப்பதில்லை. எனக்கு அது நெடுநாள் வருத்தம்.

படிப்பது பெரும்பாலும் காதல் தொடர்கள். அதிலும் இப்போது மவுசு ‘ஆன்டி ஹீரோ’ கதைகளுக்குத்தான். நாயகன் பணக்காரன், கோபக்காரன், பல சமயம் தாதா. நாயகியைக் கடத்துவான், மிரட்டித் தாலி கட்டுவான், பழிவாங்குகிறேன் என்று வீட்டுக்குள் அடைத்து வைப்பான். முப்பது நாற்பது அத்தியாயம் கழித்து உருகுவான். இன்னொரு பக்கம் சாபம், மறுபிறவி, நாகம், வேற்றுலகம் என்று மாயக்கதைத் தொடர்கள். மாசி மாதம் முழுக்க இவற்றைத் தவிர வேறெதையும் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன். வழிகாட்டி என் அக்கா மகள். கல்லூரியில் இரண்டாம் வருடம். தமிழில் பிரதிலிபி செயலி, ஆங்கிலத்தில் கனமான தொடர் நாவல்கள் என்று இரண்டு பக்கமும் படிக்கிறவள். “பாதியில நிறுத்திட்டுத் திட்டக் கூடாது சித்தி. முழுசா படிச்சிட்டுத் திட்டுங்க” என்றாள். நியாயமான நிபந்தனை.

முதலில் கண்ணில் பட்டது எங்கள் திருவொற்றியூர்ப் பக்கம்தான். நாயகன் தாதாவாக இருந்தால் கதை எப்படியும் ஒருமுறை துறைமுகத்துக்கு வந்துவிடுகிறது. கன்டெய்னர் யார்டு, கும்மிருட்டு, துப்பாக்கி, நாற்காலியில் கட்டிப்போட்ட ஆள். எழுதியவர் இந்தப் பக்கம் வந்ததில்லை என்று உடனே தெரிந்துவிடும். யார்டுகளில் இருட்டே கிடையாது. உயரக் கம்பங்களில் விடிய விடிய விளக்கு எரியும். எண்ணூர் நெடுஞ்சாலையில் வரிசையில் மாட்டிக்கொண்ட டிரெய்லர் ஓட்டுநர்கள் வண்டியோரமே அடுப்பு மூட்டிச் சோறு வடிப்பார்கள்.

ஆனால் கதை வீட்டுக்குள் நுழைந்ததும் எழுத்தே வேறாகிவிடுகிறது. மாமியார் வீட்டுச் சமையலறையில் எந்தத் தட்டை எடுப்பது என்று தெரியாமல் நிற்கும் புதுப்பெண். அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் வீடே குரலைத் தாழ்த்துவது. அவன் கதவைச் சாத்துகிற விசையை வைத்தே இன்றைய ராத்திரி எப்படிப் போகும் என்று அவள் கணிப்பது. இதெல்லாம் வெறும் கற்பனையில் வராது. தெரிந்தவர்கள் எழுதுகிறார்கள், தெரிந்தவர்கள் படிக்கிறார்கள். தெரிந்த கோபக்காரனை மாற்ற வழியில்லை. கதையில் வருகிறவன் மாறுவான், அழுவான், மண்டியிடுவான். அந்த ஓர் இடத்துக்காகத்தான் முப்பது அத்தியாயத்தையும் பொறுத்துக்கொள்கிறார்கள் என்று நினைக்கிறேன். அடிபடுவதை ரசிக்கிறார்கள் என்று சொல்கிறவர்கள் அந்தக் கடைசி அத்தியாயங்களைப் படித்திருக்க மாட்டார்கள்.

இது நேற்று முளைத்ததும் இல்லை. 1969இல் ‘ராணி முத்து’ வந்ததிலிருந்து மாத நாவல் என்பது தமிழ் வீடுகளில் பால் கணக்கு மாதிரி ஆகிவிட்டது. ராயபுரத்தில் என் அம்மா வாடகை நூலகத்திலிருந்து எடுத்துவந்த ரமணிசந்திரன் நாவல்களில், ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவால் யாரோ எழுதியிருப்பார்கள்: ‘இவன் திருந்த மாட்டான்.’ அதற்குக் கீழே வேறு கையெழுத்தில்: ‘திருந்துவான், பொறு.’ ரமணிசந்திரனின் நாயகர்கள் சந்தேகப்படுவார்கள், சுடுசொல் சொல்வார்கள். எல்லை அதோடு நிற்கும். இன்றைய தொடர்கள் அந்த எல்லையைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டன.

ஆங்கிலத்தில் இன்னும் தூரம். எச்.டி. கார்ல்டன் 2021இல் எழுதிய ‘ஹான்டிங் அடலின்’ தொடங்கும் முன்பே, உள்ளே என்னென்ன கொடுமைகள் வரும் என்று எச்சரிக்கிறது. நாயகன், நாயகி அடலினைப் பின்தொடர்கிறவன், அவள் வீட்டுக்குள் புகுகிறவன். அவனே ஆட்கடத்தல் கும்பல்களை வேட்டையாடிப் பெண்களை மீட்கிறவனும்கூட. என்னால் ஏற்க முடியாமல் போனது இந்த ஏற்பாட்டைத்தான். யாரோ ஒரு பெண்ணுக்கு அவன் செய்த நல்லதை, அடலினுக்குச் செய்த கெட்டதற்கு வரவு வைத்துவிடுகிறார்கள். நான் படித்த தமிழ்த் தொடர்களிலும் இதே கணக்குதான். நாயகன் அநாதை இல்லம் நடத்துவான், அம்மாவைத் தெய்வமாகப் பார்ப்பான், சின்ன வயதில் ஏமாற்றப்பட்டிருப்பான். அவள் பட்டதற்கு அவன் கொடுத்த விலை என்ன என்று தேடினால், ஓர் அத்தியாயக் கண்ணீரும் ஒரு குழந்தையும்தான் மிஞ்சும்.

மாயக்கதைகள் இந்த விஷயத்தில் மேல். அங்கே வாக்குக்குப் பல் உண்டு. சாரா ஜே. மாஸின் 2015ஆம் ஆண்டு நாவலில் நாயகி ஃபேரா தன் உயிரைக் காப்பாற்றிக்கொள்ள ரைசாண்டிடம் ஓர் ஒப்பந்தம் செய்கிறாள்: மாதத்தில் ஒரு வாரம் அவன் அரண்மனையில் இருக்க வேண்டும். வாய்வார்த்தை முடிந்த கையோடு அவள் கையில் அது பச்சைக்கோலமாகப் படிந்துவிடுகிறது. கழுவினால் போகாது. அந்தப் பக்கத்தைப் படித்தபோது எனக்கு எங்கள் திருவொற்றியூர்க் கோயில் மகிழ மரம் நினைவுக்கு வந்தது. மாசிப் பிரம்மோற்சவம் நடந்துகொண்டிருந்தது; தேரடிப் பக்கம் போனால் நாதஸ்வரம் கேட்கும். அந்த விழாவில்தான் மகிழடி சேவை நடக்கும். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரித்துச் சொன்ன சங்கிலி-சுந்தரர் கதையை, இந்தத் தொடர்களைப் படித்த கண்ணோடு இப்போதுதான் முதல்முறையாகப் பார்க்கிறேன்.

சங்கிலி, செங்குன்றத்துக்கு வடக்கே இருக்கும் ஞாயிறு என்ற ஊர்ப் பெண். கல்யாணப் பேச்சை மறுத்துவிட்டு, ஒற்றியூரில் கன்னிமாடத்தில் தங்கிச் சாமிக்குப் பூத்தொடுத்தவள். திரைக்கு அப்பாலிருந்து மாலையைக் கொடுக்க அவள் வந்து போன ஒரு கணத்தில் சுந்தரர் பார்த்துவிடுகிறார். திருவாரூரில் அவருக்கு ஏற்கெனவே மனைவி பரவை இருக்கிறாள். சுந்தரர் நேரே போய்ச் சிவனிடமே கேட்கிறார், தோழன் ஆயிற்றே. சிவன் சங்கிலியின் கனவில் வந்து சொல்கிறார். அவள் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஆரூரில் ஒரு வாழ்க்கை இருப்பதை எடுத்துச் சொல்கிறாள். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்வான் என்கிறார் சிவன்.

இனி வருவதைக் கவனித்துப் படிக்க வேண்டும். சுந்தரர் சிவனிடம் இன்னொன்று கேட்கிறார்: நான் சன்னிதியில் சத்தியம் செய்யும்போது நீங்கள் அங்கே இருக்காதீர்கள், மகிழ மரத்தடிக்குப் போய்விடுங்கள். சாமி இல்லாத சன்னிதியில் செய்த சத்தியம் கட்டுப்படுத்தாது அல்லவா! சத்தியம் செய்யும் முன்பே அதை மீறுவதற்கு வழி செய்துகொள்கிறார். எந்த ஆன்டி ஹீரோவும் இவ்வளவு தெளிவாகத் திட்டமிட்டு நான் படிக்கவில்லை. சிவன் சரி என்கிறார். சொன்னபடி மரத்தடிக்கும் போகிறார். போகும் முன் மறுபடி சங்கிலியின் கனவில் தோன்றி, சன்னிதியில் வேண்டாம், மகிழின் கீழ் சத்தியம் வாங்கு என்று சொல்லிவிடுகிறார். காலையில் தோழிகள் மரத்தடியே போதும் என்றதும் சுந்தரர் திகைக்கிறார். வேறு வழியில்லை. மரத்தை மூன்று முறை வலம்வந்து சத்தியம் செய்கிறார்.

பிறகு வசந்த காலம் வருகிறது. தென்றல் வீசியதும் ஆரூர் விழாவும் பரவையின் ஆட்டமும் பாட்டும் நினைவுக்கு வர, கிளம்பிவிடுகிறார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்ணும் போய்விடுகின்றன.

பாடிய பதிகங்கள் எத்தனை, தோழமை எவ்வளவு நெருக்கம்! ஒன்றும் வரவு வைக்கப்படவில்லை. தண்டித்தது பகைவனும் இல்லை, தோழனேதான். வழிநெடுகப் பாடிக்கொண்டே, தட்டுத் தடுமாறி நடக்கிறார். திருவெண்பாக்கத்தில் பார்வை கேட்டால் ஊன்றுகோல்தான் கிடைக்கிறது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் இன்று பூண்டி ஏரிக்குள் கிடக்கிறது.) காஞ்சியில் ஒரு கண், ஆரூரில் மறு கண். இருண்ட காதல் கதைக்கு இதைவிடக் கறாரான கணக்கை நான் அந்த மாதத்தில் எங்கும் படிக்கவில்லை. குற்றம் எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊர் எல்லையிலேயே, குற்றம் செய்தவன் உடம்பிலேயே விலை எடுக்கப்படுகிறது.

இதை அக்கா மகளிடம் சொன்னேன். இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் நீ கொடுத்த கதைகளில் தேறுவது ஒன்றிரண்டுதான் என்றேன். அவள் கொஞ்ச நேரம் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு யோசித்தாள். “கண்ணு போச்சு, சரி. அதுல சங்கிலிக்கு என்ன கிடைச்சுது சித்தி? அவரு போயிட்டாருல்ல?” என்றாள். “எங்க கதையில கேவலமாவாச்சும் அவன் திரும்பி அவகிட்டதான் வருவான்.”

என்னிடம் பதில் இல்லை. திரும்பப் போய்ப் பார்த்தேன். கதை சுந்தரரோடு காஞ்சிக்கும் ஆரூருக்கும் போய்விடுகிறது. ஆரூரில் பரவை கதவைத் திறக்க மறுக்க, அவளைச் சமாதானப்படுத்தச் சிவனே நடுராத்திரியில் இரண்டு முறை தூது நடக்கிறார். ஒற்றியூருக்கு யாரும் தூது வரவில்லை. போன கண்களில் ஒன்றுகூட இந்த ஊரில் திரும்பவில்லை. சங்கிலி கடைசியில் கயிலையில் தேவியின் பணிக்குத் திரும்பினாள் என்பதோடு சரி. நடுவில் இங்கே, இதே தெருக்களில், அவள் என்ன செய்தாள்? மறுநாளும் பூத்தொடுத்தாளா? அந்த மரத்தைத் தாண்டித்தானே சன்னிதிக்குப் போயிருக்க வேண்டும்?

கதவு சாத்தும் சத்தத்தை வைத்தே ராத்திரியைக் கணிக்கத் தெரிந்தவர்களால்தான் இதை எழுத முடியும். புலவர்கள் வேண்டாம், இந்தத் தொடர் எழுதும் பெண்களில் ஒருத்தி எழுத வேண்டும். சுந்தரர் எல்லையைத் தாண்டிய செய்தி கன்னிமாடத்துக்கு வந்த காலையில் தொடங்கலாம். அக்கா மகளிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுகிற அக்காக்கள் யாரிடமாவது கேட்டுப் பார்க்கிறேன் என்றிருக்கிறாள். அவளே எழுதினாலும் எனக்குச் சம்மதம்தான்.