பேசாதவனுக்கும் ஒரு முறை



அமாவாசை இரவு. மேல்மலையனூரில் அம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். அந்தக் கூட்டத்தில் என் தங்கை கை நழுவிவிட்டாள். என் பட்டன் போனில் பத்து தடவை அடித்தும் லைன் கிடைக்கவில்லை. "சிக்னல் ஃபுல்லா இருக்கே, ஏன் மாமா போகல?" என்று கேட்டான் அவள் மகன்.

சிக்னல் கோடு காட்டுவது அலையின் வலிமையை. காலி இடத்தை அல்ல. 2ஜி டவரில் ஓர் அலைவரிசையை எட்டாகப் பங்கு போடுகிறார்கள். பங்கு நேரத்தில்தான். ஒரு சுற்றுக்குச் சுமார் 4.6 மில்லி நொடி. அதில் ஒருவர் பங்கு 0.577 மில்லி நொடி. தன் முறையில் பேச்சின் துணுக்கை அனுப்பிவிட்டு, அடுத்த சுற்றுக்குக் காத்திருக்க வேண்டும். இடைவெளி நம் காதுக்குத் தெரியாது. எல்லா முறையும் நிரம்பிவிட்டால், அடுத்தவருக்கு இடமில்லை.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சுகளை இணைத்த இ-1 லைனிலும் இதே ஏற்பாடுதான். நொடிக்கு 8000 சுற்று, சுற்றுக்கு 32 இடம். 30 இடம் குரலுக்கு. ஒன்று, சுற்று எங்கே தொடங்குகிறது என்று காட்ட. இன்னொன்று, மணி அடிப்பது, இணைப்பைத் துண்டிப்பது போன்ற வேலைக்கு. இதில் ஒரு விசேஷம்: இணைப்பில் இருப்பவர் பேசாமல் இருந்தாலும் அவர் இடம் அவருக்கே. வீண்தான். இணையத்தில், அனுப்பத் தகவல் இருப்பவருக்கு மட்டும் வழி விடுகிறார்கள். சிக்கனம்தான், ஆனால் கூட்டம் கூடினால் யாருடைய முறைக்கும் உத்தரவாதம் கிடையாது.

கடைசியில் தங்கை பஸ் ஸ்டாண்டில் கிடைத்தாள். டீ வாங்கிக் கொடுத்து உட்கார வைத்திருந்தவன் என் பழைய மாணவன். கோயிலில் எலுமிச்சம்பழம் விற்கிறான். கடைசி பெஞ்சு, வகுப்பில் வாயே திறக்காதவன், பாதியில் படிப்பை நிறுத்தியவன்.

"ஏம்பா அப்போ பேசவே மாட்ட?" என்றேன்.

"பதில் தெரியும் சார். நீங்க கேட்டா சொல்லலாம்னு இருந்தேன்" என்று சிரித்தான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கை தூக்கியவர்களை மட்டுமே கேட்டுப் பாடம் நடத்தியவன் நான். நேரம் மிச்சமானது என்று பெருமை வேறு.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்கள். வருகைப் பதிவேட்டு வரிசையிலும் கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டாலும் ஒரு நிமிஷம் பொறுங்கள். அந்த நிமிஷம் அந்தப் பிள்ளையுடையது.

அன்புடன்,
உங்கள் பழைய இயற்பியல் வாத்தியார்