கயிறு பிடிக்கிற மச்சான்

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். தூத்துக்குடி, அக்கா வீடு. காபி டம்ளரைக் கீழே வைப்பதற்குள் அத்தான் என்னை மொட்டைமாடிக்குத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

"மாப்ள, நீங்கதான் அவகிட்டப் பேசணும். ஐ.டி. கம்பெனி வேலைய விட்டுட்டு ஸ்ட்ரிங் தியரி ஆராய்ச்சிக்குப் போறேங்கா. அம்பது வருஷமாத் தேடியும் ஒண்ணும் கிடைக்கலைன்னு பேப்பர்ல போட்டிருக்கான். கிடைக்காததத் தேட அஞ்சு வருஷமா?"

'அவ' என்பது அக்கா மகள். எம்.எஸ்ஸி. இயற்பியல். நுழைவுத் தேர்வு எழுதி இடமும் வாங்கிவிட்டாள். உதவித்தொகை மாதம் 37,000 ரூபாய். அதுவும் அத்தானைச் சமாதானப்படுத்தவில்லை.

சாயங்காலம் பழைய துறைமுகம் பக்கம் நடந்தோம், மக்ரூன் பொட்டலத்தோடு. மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றும் தோணிகள் கட்டியிருந்தன. நான் பேச்சை எடுப்பதற்கு முன் அவள் எடுத்தாள்.

"மாமா, அந்தத் தோணிக் கயிறு இங்கருந்து எப்படித் தெரியுது?"

"கோடு மாதிரி."

"அந்தக் கோட்டுல எதிரும் புதிருமா ரெண்டு எறும்பு வருது. என்ன ஆகும்?"

"முட்டிக்கும்."

"முட்டிக்காம ஒண்ண ஒண்ணு தாண்டிப் போயிட்டா?"

பக்கத்தில் போய்ப் பார்த்தேன். கயிறு மணிக்கட்டுப் பருமன். ஓர் எறும்பு அடிப்பக்கமாகச் சுற்றிப் போய்விடலாம். தூரத்திலிருந்து பார்க்கிறவனுக்கு நீளம் மட்டும்தான் தெரியும். எறும்புக்குச் சுற்றளவு என்று இன்னொரு திசையும் உண்டு. மறைந்திருக்கும் பரிமாணம் என்பது இவ்வளவுதான்.

இந்த யோசனைக்கு வயது நூறுக்கு மேல். தியோடர் கலூசா என்ற ஜெர்மன் கணிதக்காரர் 1919-ல் ஐன்ஸ்டைனுக்கு ஒரு கடிதம் எழுதினார். நீளம், அகலம், உயரம், காலம் என்ற நாலோடு ஐந்தாவதாக ஒரு பரிமாணத்தைச் சேர்த்து ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளை எழுதிப் பார்த்தால், ஈர்ப்பு விசையோடு மின்காந்தமும் தானாக வந்து விழுந்தது. ஐன்ஸ்டைன் யோசித்து, தயங்கி, 1921-ல்தான் அதைப் பிரசுரத்துக்கு அனுப்பினார். அந்த ஐந்தாவது ஏன் கண்ணில் படவில்லை? சின்னதாகச் சுருண்டு கிடக்கிறது என்று 1926-ல் ஆஸ்கர் க்ளெய்ன் பதில் சொன்னார். கலூசா நீச்சலைப் புத்தகம் படித்தே கற்றுக்கொண்டு, முதல் தடவையே தண்ணீரில் இறங்கி நீந்தினாராம். அவர் மகன் சொன்னது. முத்துக்குளித்துறைக்காரர்கள் சிரிப்பார்கள்.

ஸ்ட்ரிங் தியரி, தமிழில் இழைக் கோட்பாடு, இதற்கு ஒரு படி மேல். எலெக்ட்ரான் முதலான துகள்கள் புள்ளிகள் அல்ல. அதிரும் சின்னஞ்சிறு இழைகள். ஒரே தந்தியில் ச, ரி, க பிறப்பது போல, ஒரே இழையின் வேறு வேறு அதிர்வுகள் வேறு வேறு துகள்கள். இழையின் அளவு? ஒரு சென்டிமீட்டரைப் பத்தால் முப்பத்துமூன்று முறை வகுத்துப் பாருங்கள். ஏறக்குறைய அவ்வளவு. இந்தக் கணக்கு நம் நாலு பரிமாணத்துக்குள் அடங்காது. முதலில் 26 கேட்டது. பிறகு பத்துக்கு இறங்கிவந்தது. அந்த 26-ஐக் கொண்டுவரும் கணக்கின் நடுவில் ஒரு விநோதம் உட்கார்ந்திருக்கிறது: 1, 2, 3, 4 என்று முடிவில்லாமல் கூட்டினால் மைனஸ் 1/12. அதை 1913-ல் ஹார்டிக்கு எழுதி அனுப்பியவர், அப்போது சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் குமாஸ்தாவாக இருந்த ராமானுஜன்.

"எல்லாம் சரி, ஆதாரம் எங்கே?" என்றேன். அத்தான் சார்பில் கேட்டே ஆகவேண்டுமே.

"இல்ல மாமா" என்றாள், சிரிக்காமல். ஜெனீவா அருகே 27 கிலோமீட்டர் சுற்றளவுள்ள எந்திரத்தில் புரோட்டான்களை மோதவிட்டு, கொஞ்சம் சக்தி மறைந்த பரிமாணத்துக்குள் நழுவுகிறதா என்று பார்த்தார்கள். நழுவியதாகத் தெரியவில்லை. சியாட்டிலில் 2020-ல் தலைமுடிப் பருமனுக்கு, ஒரு மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்கு, நெருங்கி ஈர்ப்பு விசையை அளந்தார்கள். கூடுதல் பரிமாணம் இருந்தால் அங்கே கணக்கு உதைக்க வேண்டும். உதைக்கவில்லை. நியூட்டன் சொன்னபடியே இருந்தது.

எனக்கு எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் ஞாபகம் வந்தார். முத்துக் குளித்தவர். கடலடியில் சிப்பி கிடக்கும் இடத்துக்குப் 'பார்' என்று பெயர். அரசாங்கம் முதலில் மாதிரிக்குக் கொஞ்சம் சிப்பி எடுத்து, திறந்து, முத்தை மதிப்புப் போடும். தேறினால்தான் குளிப்பு. பல வருடங்கள் தேறாது. கடைசிக் குளிப்பு 1961-ல். அதற்கப்புறம் இல்லை.

இதை அவளிடம் சொன்னேன். பயமுறுத்தத்தான்.

"மாதிரி எடுக்கற வேலைதான் மாமா எனக்கும். இல்லைன்னு சொல்றதுக்கும் ஒரு ஆள் இறங்கித்தானே பாக்கணும்?"

"கடைசி வரைக்கும் கிடைக்காமலே போனா?"

"போகலாம். ஆனா இதே ஊர்ல 1973-ல வளர்ப்பு முத்து எடுத்தாங்களே, கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்துல. பாருல முத்து இல்ல, சிப்பியப் பத்தின படிப்பு இருந்துச்சு." இழைக் கணக்கும் அப்படித்தானாம். 1996-ல் அதை வைத்துச் சில வகைக் கருந்துளைகளின் என்ட்ரோபியைத் துல்லியமாக எண்ணிக் காட்டினார்கள். அலகாபாத்தில் உட்கார்ந்து இழைகளை ஆராய்ந்த அசோக் சென்னுக்கு 2012-ல் முப்பது லட்சம் டாலர் பரிசு. (இதை அத்தானிடம் முதலில் சொல்லவேண்டும் என்று குறித்துக்கொண்டேன்.)

ராத்திரி மாடியில் அத்தான் காத்திருந்தார். "பேசினீங்களா?"

"பேசினேன். கிடைக்காமல் போகலாம்னு அவளுக்கே தெரியும். தெரிஞ்சுதான் இறங்குறா."

அவர் ஒன்றும் சொல்லவில்லை. தூரத்தில் துறைமுக விளக்குகள்.

முத்துக் குளிக்கிறவன் தன் கயிற்றை மச்சான் கையில்தான் கொடுப்பான் என்பார்கள். தங்கை தாலிக்காகவாவது பிடியை விடமாட்டான் என்ற கணக்கு. அத்தான் எனக்குக் கொடுத்ததும் அப்படி ஒரு கயிறு. ஆனால் கயிறு பிடிக்கிறவன் வேலை, இறங்காதே என்று தடுப்பது இல்லை. கீழேயிருந்து சுண்டினால் உடனே மேலே இழுப்பது.

அதைத்தான் அவரிடம் சொன்னேன். "நீங்க ஒரு பக்கம் பிடிங்க அத்தான், நான் ஒரு பக்கம் பிடிக்கேன்."

வெகுநேரம் கழித்துக் கேட்டார். "அந்த முப்பது லட்சம், டாலரா மாப்ள?"