மீன் கழிவும் மண்புழுவும்

மீன் மணம் எழாத அடுப்பு நம் கடற்கரை இல்லங்களில் அரிது. ஆனால் மீனை ஆய்ந்தபின் எஞ்சும் செவுள், குடல், செதில், முள் ஆகியவை எங்கே போய்ச் சேருகின்றன? வேலியோரம், சந்துமுனை, சில வேளைகளில் அடுத்த வீட்டுச் சுவரின் அடிப்புறம். காகமும் நாயும் இழுத்தது போக எஞ்சியதில் ஈக்கள் மொய்க்கின்றன. குமரிக் கடற்கரையில் நாம் பணிபுரியும் பங்கிலே, ஒரே மதிலின் இருபுறமும் வாழும் இரு குடும்பங்கள் இதன் பொருட்டே நெடுநாள் முகம் கொடுத்துப் பேசாதிருந்தன.

நம் முன்னோர் இதனை இவ்வாறு வீணாக்கவில்லை. மலையாளக் கரையிலே, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சாளை மீனை வேகவைத்து எண்ணெய் பிழிந்தபின், அதன் சக்கையை உலர்த்தித் தென்னைக்கும் காப்பிக்கும் எருவாக இட்டார்கள். மீனின் சதையிலும் குடலிலும் தழைச்சத்து மிகுதி. முள்ளிலே மணிச்சத்தும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு. இட்ட உரத்தை அடுத்த மழையிலேயே கீழே வடியவிடும் நமது மணற்பாங்கான நிலத்திற்கு இச்சத்துகள் வேண்டும். அவற்றைப் பிடித்து வைத்துக்கொள்ள மட்கும் வேண்டும். மட்கை ஆக்குவதில் மண்புழுவுக்கு இணையில்லை. சார்லஸ் டார்வின் தம் இறுதி நாள்களில், 1881-ஆம் ஆண்டு வெளியிட்ட நூல் மண்புழுவைப் பற்றியதே. சென்னைப் புதுக்கல்லூரியில் பேராசிரியராயிருந்த சுல்தான் அகமது இஸ்மாயில், நம் நாட்டு மண்புழுக்களே உரமாக்கும் பணிக்குப் போதுமானவை என்பதைப் பல்லாண்டுகள் எடுத்துரைத்து வந்தவர்.

இவற்றையெல்லாம் கேள்வியுற்ற ஒரு தாய், மேற்சொன்ன இரு வீடுகளில் ஒன்றைச் சேர்ந்தவர், மண்புழு வாங்கித் தொட்டியில் விட்டார். சாணமும் இலையும் இட்டவரை புழுக்கள் செழித்தன. ஒருநாள் மீன் குடலைத் தொட்டியில் கொட்டி மூடினார். நான்காம் நாள் நம்மிடம் வந்து, "சாமி, ஒண்ணு விடாம செத்துப் போச்சு. நாத்தம் வேற. பக்கத்து வீட்டுக்காரர் சத்தம் போடுறாரு" என்று கண்கலங்கினார்.

புழுக்கள் ஏன் இறந்தன? மண்புழுவுக்கு நுரையீரல் இல்லை. ஈரமான தோலினாலேயே அது மூச்சு விடுகிறது. பச்சை மீன் அழுகும்போது அம்மோனியா வாயு எழுகிறது, குவியல் சூடேறுகிறது. மீனோடு வரும் உப்போ புழுவின் உடல் நீரை உறிஞ்சுகிறது. மூடிய தொட்டியில் இவற்றிடமிருந்து தப்பியோட அதற்கு வழியில்லை. ஆகவே பச்சை மீனை மண்புழுவுக்கு நேராகக் கொடுத்தல் ஆகாது. முதலில் அதனை மட்கச் செய்து, சூடு தணிந்தபின்னரே கொடுத்தல் வேண்டும்.

மட்கச் செய்யும் முறை எளிது. மேட்டுப்பாங்கான நிழலில் அரையடி உயரத்திற்குச் சருகும், நறுக்கிய காய்ந்த ஓலையும் பரப்புக. நல்ல தண்ணீரில் அலசிய மீன் கழிவு ஒரு பங்குக்குச் சருகு, வைக்கோல், மரத்தூள் ஆகியவை மூன்று பங்கு என்ற அளவில் கலந்து அதன்மேல் இடுக. மேலே அரையடிக்குக் குறையாமல் சருகினால் மூடுக. பிழிந்த துணியைப் போன்ற ஈரம் போதும். நாயும் எலியும் கிளறாதபடி கம்பிவலை போடுக. கருவாட்டுக் கழிவை மட்டும் சேர்க்கலாகாது. அதன் உப்பு பின்னரும் நீங்காது.

இங்கே ஒன்றைக் கவனித்தல் வேண்டும். குவியல் நீளம், அகலம், உயரம் மூன்றிலும் ஏறத்தாழ மூன்றடியாவது இருந்தாலன்றி உள்ளே சூடு தங்காது. சூடு 55 பாகையைக் கடந்து சில நாள்கள் நிலைத்தால்தான் கிருமிகளும் ஈயின் முட்டைகளும் அழியும். ஒரு வீட்டுக் கழிவு இதற்குப் பற்றாது. இதனை அத்தாய்க்கு விளக்கியபோது, சருகுக்கு எங்கே போவது என்று கேட்டார். சருகு மதிலுக்கு அப்பால் இருந்தது! அடுத்த வீட்டாரின் தென்னந்தோப்பிலே ஓலையும் சருகும் குவித்து எரிக்கப்பட்டு வந்தன. அவ்வீட்டுப் பெரியவரிடம் நாமே சென்று பேசினோம். "நாத்தம் வராதுன்னு சாமி சொன்னா சரி" என்றார். தோப்பின் மூலையில் குவியல் எழுந்தது. இன்று ஐந்து வீடுகளின் கழிவு அங்கே சேர்கிறது. பழைய வழக்கு முற்றும் தீர்ந்தது என்று நாம் கூறோம். ஆயினும் கூடையைக் கொண்டு செல்லும்போது இரு வீட்டாரும் பேசிக்கொள்கின்றனர்.

ஒரு மாதம் கழித்துக் குவியலைப் புரட்டுக. இரண்டு மூன்று மாதங்களில் மீன் உருத்தெரியாமல் மறையும். முள் மட்டும் எஞ்சும். கை வைத்தால் சூடு இருத்தலாகாது. மண்வாசனை வீசுதல் வேண்டும். பின்னர் அதனை ஆறிய சாணத்தோடு கலந்து, முதலில் பத்துப் புழுக்களை விட்டுப் பார்க்க. அவை மேலேறி ஓடாமல் உள்ளே நுழைந்தால், மற்றவற்றையும் விடலாம். ஏறத்தாழ இரண்டு மாதங்களில் தேயிலைத் தூள் போன்ற உரம் கிட்டும். கத்தரி, வெண்டை, மிளகாய் ஆகியவற்றின் தூரைச் சுற்றி இரண்டு கைப்பிடி இட்டு மண்ணால் மூடினால் போதும்.

தனித்து வாழும் குடும்பத்தாருக்கு வேறொரு வழியும் உண்டு. கொரியாவின் சோ ஹான் கியூ பரப்பிய இயற்கை வேளாண்மையில், மீன் கழிவும் வெல்லமும் சம எடையில் கலந்து, நிழலில் மூன்று வாரங்களுக்கு மேல் ஊறவிடுவர். நம் உழவர் இதனை மீன் அமிலம் என்பர். வடித்தெடுத்த நீரில் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை 10 லிட்டர் தண்ணீரில் கலந்து செடிக்குத் தெளிக்கலாம். பாத்திரத்தை இறுக மூடாதீர்கள்; உள்ளே வாயு உண்டாகும்.

நம் இல்லத் தலைவியரை வேண்டுவது இதுவே: நாளைக் காலை மீன் ஆயும்போது கழிவைத் தனிச் சட்டியில் எடுத்து வையுங்கள். சருகை எரிப்பவர் யார் என்று சுற்றிலும் பாருங்கள். பேசாதிருக்கும் அடுத்த வீட்டாரிடமே அது இருக்குமாயின், தயங்காது கதவைத் தட்டுங்கள்.