ஆல்பர்ட் ஹாலிலிருந்து ஹெத்தல் வரை

லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ முதன்முதலில் முகம் காட்டியது 1980 பிப்ரவரியில், லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில். கச்சேரி மண்டபத்தில் கார் அறிமுகமா என்று தோன்றலாம். அப்போது லோட்டஸ் பந்தய அணிக்குப் பணம் கொட்டிய எஸ்ஸெக்ஸ் என்ற பெட்ரோலிய வணிக நிறுவனம் படாடோபத்துக்குப் பேர்போனது. முதல் கார்கள் அதன் நீலம், சிவப்பு, குரோம் வண்ணங்களையே அணிந்து வந்தன. ஸ்டீரியோகூட விமானத்தில் இருப்பதுபோலக் கூரையில் பொருத்தப்பட்டிருந்தது. 1981இல் ஜேம்ஸ் பாண்ட் படமொன்றில் தலைகாட்டியபின் காரின் பெயர் ஊரெங்கும் பரவியது.

இந்தக் காரை இன்று வாங்குபவர் அதை லண்டனில் ஓட்டவே கொஞ்சம் சட்டம் தெரிந்திருக்க வேண்டும். 2019இல் நகரின் நடுப்பகுதியில் தொடங்கிய மாசுக் கட்டண மண்டலம் 2023 ஆகஸ்டில் எல்லா பரோக்களுக்கும் விரிந்தது. பழைய பெட்ரோல் கார் என்றால் நாளுக்கு 12.50 பவுண்டு. 40 வயது கடந்து, வரலாற்று வாகனம் என்று பதிவை மாற்றிக்கொண்ட காருக்கு இது கிடையாது. நடுநகர நெரிசல் கட்டணத்துக்கு அந்தச் சலுகை செல்லாது. அங்கே கிழவனும் கட்டியாக வேண்டும்.

ஓட்டுநர் ஏறி அமர்வதில்லை, இறங்கிப் படுக்கிறார். காரின் உயரம் 1.1 மீட்டரை ஒட்டியதுதான். பக்கத்தில் வந்து நிற்கும் டபுள் டெக்கர் பஸ்ஸில் தெரிவது பெரும்பாலும் சக்கரமே. பெடல்கள் நெருக்கமாக இருப்பதால் அகலமான ஷூ ஒரே நேரத்தில் இரண்டை மிதித்துவிடும். பின்கண்ணாடி வழியே தெரிவது சொற்பம். வடிவமைப்பாளர் ஜியார்ஜெத்தோ ஜூஜாரோ மடித்த காகிதம்போல வரைந்த இந்த உடலின் கதவுக் கைப்பிடி மோரிஸ் மரீனா என்ற சாதாரணக் குடும்பக் காருடையது. பின்விளக்குகள் ரோவரிடமிருந்து வந்தவை. சிறிய நிறுவனம், கிடைத்ததை வைத்துக் கட்டியது. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

எஞ்சின் இருக்கைக்குப் பின்னால். நான்கு சிலிண்டர், 2,174 சிசி, 210 குதிரைசக்தி. எஞ்சின் வெளியே தள்ளும் சூடான புகை கேரெட் டர்போவின் விசிறியைச் சுழற்றுகிறது. அதே தண்டின் மறுமுனையிலுள்ள விசிறி காற்றை அழுத்தி இரண்டு டெலோர்ட்டோ கார்புரேட்டர்கள் வழியாக சிலிண்டருக்குள் திணிக்கிறது. திணிக்கும் அழுத்தம் (பூஸ்ட்) சதுர அங்குலத்துக்கு 8 பவுண்டு. இப்படிக் கூடுதல் காற்று வரும்போது எரிபொருள் முன்கூட்டியே வெடித்துவிடாமலிருக்க, எஞ்சினின் அமுக்க விகிதத்தை 7.5க்கு இறக்கினார்கள். சிக்கலும் இங்கேதான். புகை போதாத தாழ்ந்த சுழற்சியில் டர்போவின் உதவி கிடைப்பதில்லை. அமுக்கம் குறைந்த எஞ்சின் தன்னந்தனியாக முனகிக்கொண்டு இழுக்கிறது. அக்காலப் போர்ஷே 911 டர்போவைவிட இதில் தாமதம் குறைவு என்பதும் உண்மை.

ஆல்பர்ட் ஹால் இருக்கும் கென்சிங்டனிலிருந்து கேம்டன் டவுன் வழியாக வடக்கே போகும்போது பெரும்பாலான சாலைகளில் வேக வரம்பு 20 மைல். பூஸ்ட் முள் அசைவதேயில்லை. குளிர்ந்த கியர்பெட்டி இரண்டாம் கியருக்கு அடம்பிடிக்கிறது. அது சித்ரோயன் எஸ்எம் காருக்காகப் பிறந்த பெட்டி. பவர் உதவியில்லாத ஸ்டீயரிங், நிறுத்துமிடத்தில் தோளுக்கு வேலை வைக்கிறது. ஒவ்வொரு வேகத்தடையையும் முன்விளிம்பு தட்டாமல் கடப்பது தனிக் கலை. கோடை நெரிசலில் முதுகுக்குப் பின்னாலிருந்து வெப்பம் ஏறும். லண்டனில் மட்டுமே ஓட்டிப் பார்த்து இந்தக் காரை விற்றுவிட்டவர் அதை ஓட்டியதாகவே சொல்லக்கூடாது.

வடக்குப் பாதை லோட்டஸ் நிறுவனம் வளர்ந்த பாதையும்கூட. ரிச்மண்டில் பிறந்து, லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பொறியியல் படித்த நிறுவனர் காலின் சாப்மன் கார் கட்டத் தொடங்கியது ஹார்ன்சியில், தந்தை நடத்திய ரயில்வே ஹோட்டலின் பின்புறத்தில். நிறுவனம் 1952இல் உருவானது. இடம் போதாமல் 1959இல் ஏ10 சாலையை ஒட்டிய செஷண்டுக்கும், 1966இல் நார்ஃபோக்கின் ஹெத்தலுக்கும் பெயர்ந்தது. எடையைக் குறைப்பதே வேகம் என்பது சாப்மனின் கொள்கை. எஸ்ப்ரியின் கண்ணாடியிழை உடல் அதன் பிள்ளை. எடை சுமார் 1,200 கிலோ.

செஷண்டை எட்டும் முன்பே எம்25இல் கிழக்கே திரும்பி எம்11 பிடித்தால் காரின் குணம் மாறுகிறது. மூன்றாம் கியரில் ஆக்சிலேட்டரை அழுத்தினால் முதலில் ஒன்றும் நடப்பதில்லை. சுழற்சி 2,500ஐத் தாண்டும்போது பின்னாலிருந்து மெல்லிய விசில் எழுகிறது, முள் ஏறுகிறது, முதுகு இருக்கையில் பதிகிறது. நின்ற நிலையிலிருந்து 60 மைல் வேகத்தைச் சுமார் ஆறு நொடியில் எட்டும் கார் இது. எழுபது மைல் சட்ட வரம்பு வந்துவிட்டதே என்று ஓட்டுநர் வருந்தும் நேரத்தில் இன்னும் இரண்டு கியர்கள் மிச்சமிருக்கின்றன.

நியூமார்க்கெட், தெட்ஃபோர்ட் வழியாக ஏ11 ஓடுகிறது. விமண்டத்தில் விலகி ஹெத்தலுக்குப் போகும் ஒடுங்கிய கிராமச் சாலைகளில்தான் எஸ்ப்ரியின் உண்மையான பெருமை விளங்கும்: நகரத்தில் கனத்த ஸ்டீயரிங் இங்கே தார்ச்சாலையின் ஒவ்வொரு மேட்டையும் விரல்களுக்குச் சொல்கிறது. வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை மிதித்தால் பூஸ்ட் வளைவு முடியும் முன்பே வந்து பின்சக்கரங்களைச் சோதிக்கும். ஆகவே அனுபவப்பட்டவர்கள் சரியான கியரை முன்பே தேர்ந்து, சுழற்சியை உயரத்தில் வைத்துக்கொண்டே நுழைகிறார்கள்.

ஹெத்தல் இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க குண்டுவீச்சு விமானங்களின் தளம். லோட்டஸின் சோதனை ஓட்டப்பாதை அந்தப் பழைய ஓடுதளங்களின்மேல் அமைந்தது. அங்கே போய்ச் சேர்ந்ததும் சாவியை உடனே திருப்பக்கூடாது. வேகமாக ஓடிவந்த டர்போவின் தாங்கிகளில் எண்ணெய் நின்றுபோனால் அது வெந்து கரியாகும். ஓரிரு நிமிடம் எஞ்சினை வெறுமனே ஓடவிட்டே நிறுத்த வேண்டும். எஞ்சினின் பல்பட்டையின் (டைமிங் பெல்ட்) வயது தெரியாவிட்டால் இந்தப் பயணத்துக்கு முன்பே மாற்றியிருக்க வேண்டும். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோல் 2021 முதல் பெட்ரோல் நிலையங்களில் வழக்கமாகிவிட்டதால், பழைய ரப்பர் குழாய்களைக் காக்க விரும்புபவர்கள் எத்தனால் குறைந்த, விலை கூடிய சூப்பர் வகையையே நிரப்புகிறார்கள்.